காமன் லிஸ்ப் மொழியில் நிரல் எழுத எந்த எடிட்டர்: ஈமேக்ஸா, விம்மா?

இரண்டுக்கும் முதலில் காமன் லிஸ்ப் கம்பைலர் ஒன்று வேண்டும். இங்கே எஸ்பிசிஎல்லை எடுத்துக்கொள்வோம்.

ஈமேக்ஸில், அதன் பொதிக் களஞ்சியமான மெல்பாவிலிருந்து, எடிட்டரை லிஸ்ப்புடன் இணைக்கும் ஸ்லைம் பொதியை நிறுவி, அமைப்புக் கோப்பில் இன்ஃபீரியர்-லிஸ்ப்-புரோகிராம் மாறிக்கு எஸ்பிசிஎல் என்று மதிப்புக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் ஸ்லைம் ‘லிஸ்ப்’ என்ற பெயரில் நிரலைத் தேடும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் பிழை வரும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபங்ஷனுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி இருமுறை அழுத்தினால் அது மட்டும் கம்பைல் ஆகும். ஓடும்போது பிழை வந்தால் டீபக்கர் திறக்கும். திருத்தி, அங்கிருந்தே தொடரலாம். லிஸ்ப்பின் அருமையே இதில்தான்!

விம்மில் இதே வேலைக்கு ஸ்லிம்வி என்ற செருகுநிரல். கமா, பிறகு சி அழுத்தினால் லிஸ்ப்புடன் இணைக்கும், கமா, பிறகு டி அழுத்தினால் ஃபங்ஷனின் வரையறையை லிஸ்ப்புக்கு அனுப்பும். ஆனால் பைத்தான் ஆதரவுள்ள விம் அவசியம். உபுண்டுவில் உள்ள விம்மின் சிறிய பதிப்பான விம்-டைனியில் அது கிடையாது, விம்-நாக்ஸ் நிறுவுங்கள். விம் கைப்பழக்கம் ஊறியவர்களுக்கு இது போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஈமேக்ஸுக்கே போங்கள்.