சென்சார் மாற்றியதாக பில்; அதில் ஸ்பேனரே படவில்லை

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்ததும் பக்கத்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சைலன்சர் பைப்பில் இருந்துகொண்டு, வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியதாக என்னிடம் பணம் வாங்கினார்கள். அந்த சென்சாரை யாரும் தொடக்கூட இல்லை.

வண்டி ஓட்டத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் மட்டும் எஞ்சின் லேசாக உதறும், கிளம்பினால் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0171 என்று ஒரு கோடு, அதாவது கோளாறு எண் வந்தது. "லீன் மிக்ஸ்சர் சார், ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு. இந்த வயசு வண்டிக்கெல்லாம் இது சகஜம்" என்றார் அங்கிருந்தவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. மாலையில் வண்டியை எடுக்கப் போனால் விளக்கு அணைந்திருந்தது. பில்லில் சென்சார், லேபர், ஸ்கேனிங் சார்ஜ் என்று மூன்று வரி. பழைய சென்சாரைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்."

கொஞ்ச நாளில் அதே விளக்கு, அதே கோடு. இந்த முறை ஏர் ஃப்ளோ சென்சார் என்றார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையே மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போனேன்.

பி0171 எந்த பாகம் கெட்டது என்று சொல்லவே சொல்லாது. எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது, இசியு தன்னால் முடிந்த அளவு பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தும் சமாளிக்க முடியவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். காற்று எங்கிருந்தோ கசிந்து உள்ளே போகலாம். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்து, காற்றைக் குறைத்துக் கணக்கிடலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், ஃபில்டரோ இன்ஜெக்டரோ அடைத்திருக்கலாம். சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தாலும் இதே கோடு வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், காற்று அதிகம் என்று இசியுவுக்குத் தகவல் கொடுப்பதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். திருடன் வந்தான் என்று குரைத்த நாயையே விற்றுவிடச் சொன்ன கதை இது. சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றால் அதற்கென்று பி0130 முதல் பி0135 வரை தனிக் கோடுகள் இருக்கின்றன. சென்சார் தவறாகக் காட்டவே காட்டாது என்று சொல்ல வரவில்லை. சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது மெக்கானிக் கோடு வந்ததும் அதோடு நிற்கவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தார். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு எடுத்துவைக்கும் குறிப்பு அது. வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் 700 சொச்சம், எஞ்சின் நல்ல சூட்டில். அதாவது வண்டி நிற்கும்போது வந்த கோளாறு. அடுத்து ஃப்யூல் ட்ரிம். இசியு எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் இது. இரு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. என் வண்டியில் ஐடிலிங்கில் 25-ஐ ஒட்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார், சரசரவென்று இறங்கி 6-க்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஐடிலிங்ல ஏறுது, ரேஸ் பண்ணா இறங்குது. எங்கேயோ காத்து இழுக்குது" என்றார். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். ரேஸ் செய்யும்போது உள்ளே போகிற மொத்தக் காற்றில் அதே கசிவு கரைந்துவிடும். பெட்ரோல் பம்பு பலவீனம் என்றால் நேர்மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறும். இந்த ஒரு சோதனைக்கு எதையும் கழற்றத் தேவையில்லை. முதல் ஒர்க்‌ஷாப்பின் ஸ்கேனரும் இதைக் காட்டியிருக்கும், அவர்கள் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

பிறகு இன்டேக்குக்குள் புகை விடும் கருவியை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸின், அதாவது எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் வளைவில், அடிப்பக்கத்திலிருந்து புகை நூலாகக் கிளம்பியது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாகத்தான் இருந்தது. விரலால் வளைத்ததும் ரப்பர் வாய் பிளந்தது. புது ஹோஸின் விலை, முன்பு நான் கட்டிய ஸ்கேனிங் சார்ஜைவிடக் குறைவு.

சென்சாரைப் பற்றி நான்தான் கேட்டேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பேனர் பிடிக்கும் அறுகோண முகம் முழுக்கத் துரு, ஓரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஒயர் கிளிப்பின் இடுக்கில் சேறு காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. இதைக் கழற்றி வேறு மாட்டியிருந்தால் அந்தச் சேறு உதிராமல் இருக்க வழியே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டேன். சென்சாரின் வோல்டேஜையும் பார்த்தார். 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஒழுங்காக ஏறி இறங்கியது. அந்தப் பழைய சென்சார்தான் இன்றும் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் அன்று விளக்கு எப்படி அணைந்தது? ஸ்கேனரில் 'எரேஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். கோடுகள் அழியும், ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் இசியு அதுவரை கற்றுவைத்த ஃப்யூல் ட்ரிம்மும் பூஜ்யத்துக்குத் திரும்பும். மறுபடி கற்க அதற்கு நேரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, இந்த வகைக் கோளாறு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலாவது தெரிந்தால்தான் விளக்கு எரியும். பணம் கட்டி, வீட்டுக்கு வந்து, பரவாயில்லையே என்று நாலு பேரிடம் சொல்கிற வரைக்கும் அது எரியாது. இந்த இடைவெளியை நம்பித்தான் பிழைப்பு நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும் ஒரு செயலியும் போதும். பல வண்டிகளில் 'கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்' என்றே ஒரு அளவு வரும். அது இல்லாத வண்டியில் ரெடினஸ் மானிட்டர்களைப் பாருங்கள், இசியு தானாகச் செய்யும் சோதனைகளில் எவை முடிந்தன என்று காட்டும் பட்டியல் அது. பாதிக்கு மேல் 'இன்னும் முடிவடையவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகும்போதும் இதைப் பாருங்கள், விற்கிறவர் காலையில்தான் விளக்கை அணைத்தாரா என்பது தெரிந்துவிடும். இன்னும் பழைய வண்டியில் இந்த சாக்கெட்டே இருக்காது. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும்தான் இது கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்து, விளக்கு சிமிட்டுவதை எண்ணித்தான் கோடு எடுக்க வேண்டும். ஒரு விதத்தில் அதுவே மேல், எண்ணுவதை நாமும் கூட நின்று எண்ணலாம்.

வண்டியை விடும் முன் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மாற்றப்போவதாகச் சொல்லும் பாகத்தில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்துவிட்டு, பழையது கைக்கு வந்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பி0420 வந்தால் இன்னும் உஷார். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள், அது பில்லை எங்கேயோ கொண்டுபோய்விடும். சைலன்சர் பைப்பில் கசிவு இருந்தாலும் அந்தக் கோடு வரலாம், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள். அது கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் போய் நல்ல கன்வெர்ட்டரையும் சுட்டுவிடும்.

போட்டோக்களோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பார்த்துவிட்டு, "பையன் வேற வண்டி பில்லை மாத்திப் போட்டுட்டான் சார்" என்றார்கள். சென்சாருக்கும் லேபருக்கும் பணம் திரும்ப வந்தது. ஸ்கேனிங் சார்ஜ் மட்டும் தர முடியாதாம், ஸ்கேன் பண்ணினது உண்மைதானே என்று என்னையே கேட்டார்கள்.