அச்சு விழாததா, தேய்ந்ததா? மார்கன் டாலரில் ஒரு தீராத குழப்பம்

மேசையில் இரண்டு மார்கன் வெள்ளி டாலர்கள்: ஜார்ஜ் மார்கன் என்ற சிற்பி வடிவமைத்த பழைய அமெரிக்க நாணயங்கள். இரண்டிலுமே முன்பக்கத்தில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணுருவத்தின் காதுக்கு மேலே முடி இழைகள் தெரியவில்லை, தட்டையாக இருக்கிறது. ஒன்று 1892-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்தது, புழக்கத்துக்கே போகாதது. மற்றது 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து, கொஞ்ச காலம் கைமாறியது. முதலாவதில் அச்சு சரியாக விழவே இல்லை. இரண்டாவதில் நன்றாக விழுந்த முடி தேய்ந்து போயிருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். ஆரம்பத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன்.

குழப்பம் வருவதற்குக் காரணம் நாணயத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்பக்கத்தில் காதுக்கு மேலுள்ள முடியும் பின்பக்கத்தில் கழுகின் மார்பும் நடுவில், ஒன்றுக்கொன்று முதுகோடு முதுகாக வருகின்றன. அச்சு இறங்கும்போது அந்த ஒரே இடத்து வெள்ளிதான் இரண்டு பக்கமும் எழும்பி அச்சின் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் முதலில் குறை விழுவது அங்கேதான். மேடான இடம் என்பதால் புழக்கத்தில் முதலில் உராய்வதும் அதே இடம்தான். நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பலவற்றில் நடுப்பகுதி மங்கலாக இருப்பதற்கு, அச்சுகள் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று மேல், கீழ் அச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூட்டி வைத்து அடித்ததையே காரணமாகச் சொல்வார்கள்.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. கன்னத்துக்குப் போங்கள். அப்புறம் தொப்பியில் இருக்கும் பஞ்சு இலைகளின் ஓரம், பின்பக்கம் கழுகுச் சிறகின் மேல் விளிம்பு. உராய்வு நடுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேய்க்காது, மேடான இடம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகும். காதுக்கு மேலே தட்டையாக இருந்தும் பஞ்சு இலையின் ஓரம் கூர்மையாக, சிறகின் விளிம்பு பளிச்சென்று இருந்தால் அது அச்சு விழாத நாணயம். அந்த இடங்களிலும் சாம்பல் பூத்தாற்போல ஒரு மங்கல் இருந்தால் தேய்மானம்.

ஒற்றை பல்பின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். புழங்காத டாலரில் ஒளி சக்கரத்தின் ஆரம் போல வழுக்கிக்கொண்டு ஓடும். தேய்ந்ததில் அந்த ஓட்டம் கன்னத்து மேட்டில் வந்து அறுந்துவிடும். என்னுடைய 1884-இல் கன்னத்தின் உச்சியில் ஒரு கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒளி நின்றுபோகிறது. 1892-இல் கன்னத்தைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அச்சு விழாத இடமும் கொஞ்சம் மந்தமாகத்தான் தெரியும். அங்கே வெள்ளி நகரவில்லை, அதனால் அந்தப் பளபளப்பும் பிறக்கவில்லை. ஆகவே நடுப்பகுதி மந்தமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். அச்சு விழாத இடத்தில் வெற்று வில்லையின் (அடிப்பதற்கு முந்தைய வெறும் வெள்ளித் தட்டின்) பழைய கீறல்கள், சொரசொரப்பு அப்படியே தங்கியிருக்கும். அழுத்தம் சரியாக விழுந்திருந்தால் அவை நசுங்கி மறைந்திருக்கும். தேய்ந்த இடமோ சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான், ஏனென்றால் கைப்பழக்கம் இல்லாதவருக்கும் இது கண்ணில் படும்.

நாணயம் அடிக்கும் அச்சே பழசாகித் தேய்ந்துபோன கதை வேறு. அதில் நடுப்பகுதியைவிட விளிம்பு எழுத்துகளும் உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமும்தான் கோடு கோடாக இழுபட்டுத் தெரியும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், நாணயங்களைத் தரம் பிரிக்கும் 70 புள்ளி அளவில் 58-க்கும் 60-க்கும் நடுவே இருக்கும் கோடு இதுதான். அச்சு மங்கலாக இருந்தாலும் புழங்காத நாணயம் 60-க்கு மேலே நிற்கும், உச்சிக்குத்தான் போகாது. தேய்மானம் துளி இருந்தாலும் 58-ஐத் தாண்டக் கூடாது. 1892 நியூ ஆர்லியன்ஸுக்கு இது பெரிய பண வித்தியாசம் இல்லை. 1901 பிலடெல்பியா டாலரில் தலைகீழ். கிட்டத்தட்ட 70 லட்சம் அடித்தும் புழங்காதவை மிக அரிது, அச்சும் பெரும்பாலும் மங்கல். அங்கே இந்த ஒரு முடிவிலேயே விலை பல மடங்கு மாறும். 1884 சான் பிரான்சிஸ்கோவிலும் விலை அப்படித்தான் மாறும். ஆனால் அந்த ஆலை பொதுவாக நன்றாக அடித்தது, அதனால் அதில் "அச்சு மங்கல், தேயவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மார்கனுக்கு அடுத்து வந்த வெள்ளி டாலரான 1921 பீஸ் டாலரில் இதற்கு நேர்மாறாக யோசிக்க வேண்டும். அதன் சிற்பம் அளவுக்கு மீறி உயர்ந்திருந்ததால் நடு முடி பெரும்பாலும் நிறையவில்லை, 1922-இல் உயரத்தைக் குறைத்தே விட்டார்கள். அதில் நடுப்பகுதி தட்டையாக இருந்தால் உடனே தேய்மானம் என்று தள்ளிவிடாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால், நடுப்பகுதி வெறுமையான 62-ஐவிட, முடி இழை இழையாக விழுந்து கன்னத்தில் மட்டும் லேசாக உராய்ந்த 58-ஐத்தான் எடுப்பேன். மார்கன் செதுக்கியது முழுதாகத் தெரிவது அதில்தான். ஆனால் 62 என்று விலை சொல்லி 58-ஐ யாராவது நீட்டினால் வாங்க மாட்டேன். படம் மட்டும் அனுப்புகிறவரிடம், பல்பின் கீழ் சாய்த்துச் சுற்றும் ஒரு வீடியோ கேளுங்கள். கன்னத்தில் ஒளி நிற்கிறதா ஓடுகிறதா என்று பத்து நொடியில் தெரிந்துவிடும்.