அறுபது மீட்டர் ஆழத்துக்குப் பிரெய்டா, மோனோவா?

மூன்று சீசனுக்கு முன்னால் என் படகுத் தூண்டில் ராடில் இருந்த மோனோ நரம்பை (தூண்டில் நூலை)க் கழற்றிவிட்டுப் பிரெய்டு சுற்றினேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம். அடிமீன் தூண்டிலுக்கு நான் பிரெய்டு கட்சி. மாறிய முதல் நாளே அது என் மானத்தை வாங்கியது, அந்தக் கதையும் வரும்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். மோனோ என்பது ஒற்றை இழை நைலான், தங்கூசி. மலிவு, எந்த முடிச்சும் பிடிக்கும், சிக்கு விழுந்தால் உட்கார்ந்து பிரிக்கலாம். பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளை நாலு புரியாகவோ எட்டுப் புரியாகவோ பின்னியது. விலை பல மடங்கு. ஒரே பருமனில் பலமும் அதிகம். கடைக்காரர் பலத்தைச் சொல்லித்தான் விற்பார். படகிலிருந்து நேர்கீழே ஈயக் குண்டு இறக்குகிறவருக்கு அது இரண்டாம் பட்சம். நடுத்தரக் கலவா மீனுக்கும் சங்கரா மீனுக்கும் 30 பவுண்டு இழுவை தாங்கும் மோனோவே தாராளம். நான் மாறியது பருமனுக்காக.

30 பவுண்டு மோனோ ஏறத்தாழ 0.55 மி.மீ. இருக்கும். அதே பலத்தில் பிரெய்டு 0.28 மி.மீ. அளவில் கிடைக்கிறது. விரலில் வைத்துப் பார்த்தால் இது ஒரு வித்தியாசமா என்று தோன்றும். 60 மீட்டர் இறக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் மோனோவுக்கு 330 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதாவது பாதி ஏ4 தாளை நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிரெய்டில் அது கால் தாள். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதால், ஓட்டம் கூடக் கூடக் கால் தாளுக்கும் பாதித் தாளுக்கும் உள்ள பேதம் உறைக்க ஆரம்பிக்கும்.

உறைப்பது ஈயத்தில்தான். தடித்த நரம்பு நடுவில் வயிறு தள்ளி வளைகிறது. ஈயம் தரை தொட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. தெரியாததால் இன்னும் கொஞ்சம் நரம்பு விடுவோம். விட்டதையும் ஓட்டம் வாங்கிக்கொள்ளும். கடைசியில் ஈயம் பாரை (மீன் தங்கும் கடலடிப் பாறையை)த் தாண்டி எங்கோ மணலில் கிடக்க, நாம் பாரின் மேல் தூண்டில் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். மோனோவில் 300 கிராம் போட்டும் நிற்காமல் இழுத்துப்போன இடத்தில் எனக்கு இப்போது 150 கிராம் நிற்கிறது. ஒரு நாளில் முப்பது தடவை சுற்றி ஏற்றுகிறவரின் தோளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. (பிரெய்டு மிதக்கும் பொருள், அடர்த்தி 0.97, நைலான் 1.14, மெல்ல மூழ்கும். ஏட்டில் இது மோனோவுக்குச் சாதகம். 150 கிராம் ஈயம் இழுக்கும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?)

இன்னொன்று நீட்சி. நைலான் நன்றாக நீளும். 60 மீட்டரில் வெறும் 5 சதவீதம் நீண்டாலே 3 மீட்டர். ராடை ஓங்கி உயர்த்தித் தூண்டில் முள்ளை மீன் வாயில் பதிக்கப் பார்த்தால், அந்த வீச்சை நரம்பே விழுங்கிவிடும். பிரெய்டில் மீன் இரையை முகர்ந்து விட்டாலும் விரலுக்கு வந்துவிடுகிறது. ஈயம் உருளுவது மணலிலா கல்லிலா என்பதுகூடத் தெரியும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்டு வாங்கினால், ஆறு நிறம் போனதும் தரை வரப்போகிறது என்று கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

இந்த நீளாத குணம் மோனோவில் பழகிய கையைத் தண்டிக்கவும் செய்யும். அலையில் படகு தூக்கும்போது மோனோ ஸ்பிரிங் மாதிரி இடம் கொடுக்கும். பிரெய்டு கொடுக்காது; மீன் வாயில் ஓட்டை பெரிதாகி முள் கழன்றுவிடும். டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை)த் தளர்த்தி, நுனி மெத்தென்ற ராடுக்கு மாறிய பிறகுதான் எனக்கு இழப்பு குறைந்தது.

இப்போது அந்த முதல் நாள். பிரெய்டை வெறும் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) நேரடியாகச் சுற்றியிருந்தேன். நல்ல மீன் ஒன்று பிடித்தது. கைப்பிடியைச் சுற்றுகிறேன், ஸ்பூல் சுழல்கிறது, நரம்பு மட்டும் ஏறவில்லை. சுற்று மொத்தமும் ஸ்பூலின் மேல் வளையல் மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. படகில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அடியில் சில மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டை ஏற்றினால் இந்த வழுக்கல் இருக்காது. அதையும் இறுக்கிச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும்.

பிரெய்டின் உண்மையான பலவீனம் கல். இறுகி நிற்கும் பிரெய்டு ஒரு சிப்பி விளிம்பில் உரசினால் போதும், இழை இழையாகப் பிய்ந்து பட்டென்று போய்விடும். மோனோ கீறலோடு பிழைத்து வரும். அதனால் கடைசி 4 மீட்டருக்கு நான் 0.70 மி.மீ. மோனோவையே லீடராக (முள் பக்கத்து நுனி நரம்பாக)க் கட்டுகிறேன். இணைப்புக்கு எஃப்ஜி முடிச்சு மெலிதாக, ராடின் வளையங்களில் தட்டாமல் போகும் என்பார்கள். ஆடுகிற படகில் எனக்கு அது ஒழுங்காக வருவதில்லை. வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகிறேன். கடலில் அறுந்தால் இரட்டை யூனி முடிச்சு போட்டுச் சமாளிப்பேன். ஈயத்தை மட்டும் 15 பவுண்டு மெல்லிய மோனோவில் தொங்கவிடுங்கள். கல்லில் மாட்டினால் ஈயத்தோடு கணக்கு முடிந்துவிடும். மாட்டியது முள் என்றால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை அறுத்துவிடும். ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி இழுங்கள். கைத்தூண்டிலுக்குப் பிரெய்டு வேண்டவே வேண்டாம் என்பதும் இதனால்தான். அங்கே தங்கூசிதான்.

பராமரிப்பில் பெரிய கதை இல்லை. நைலான் தண்ணீர் குடிக்கும், வெயிலில் நலியும், ஸ்பூலின் சுருளை மறக்காது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். பிரெய்டைத் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுகிறேன். இரண்டாம் சீசன் முடிவில் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினேன். உள்ளே இருந்த பாதி புதிதாகவே இருந்தது. மூன்று சீசனுக்கு மேல் எப்படி இருக்கும் என்று என் கையில் அனுபவம் இல்லை. 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் நான் போட்டது நாலைந்து தடவைதான், அதை வைத்து உறுதியாகப் பேச மாட்டேன். மாறாக, 20 மீட்டருக்குள் ஓட்டமில்லாத நாளில் மேலே போட்ட தாள் கணக்கெல்லாம் சுருங்கிவிடும். அங்கே மோனோ வைத்திருப்பவர் செலவழித்து மாறத் தேவையில்லை.

கூட வருகிறவர்கள் எல்லோரும் மோனோ போட்டிருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. அவர்கள் நரம்பு ஓட்டத்தோடு சாய்ந்து போகும், நம்முடையது செங்குத்தாக இறங்கும், நடுவழியில் இரண்டும் குறுக்கிடும். பிரெய்டு இறுகிய சிக்கைப் பிரிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் கத்தரித்துவிடுவதே மேல். அப்படிப்பட்ட நாளில் நான் ஓட்டம் போகும் பக்கத்து ஓரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, ஓட்டம் வருகிற பக்கத்துக் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.