அடைக்கோழியா, இன்குபேட்டரா, ஒருநாள் குஞ்சா? கடற்கரைக்காரனின் கணக்கு

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. ஐந்து வருடமாக மூன்று வழியிலும் குஞ்சு எடுத்துப் பார்த்துவிட்டேன்: அடைக்கோழி, 50 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் பெட்டி, பண்ணையிலிருந்து வரும் ஒருநாள் குஞ்சு. எது நல்லது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் "எத்தனை முட்டைக்கு எத்தனை பொரிக்கும்" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்து வாசலில் எத்தனை குஞ்சு உயிரோடு மேய்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் அடைக்கோழிதான் முன்னால் நிற்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் பெட்டி. காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரியை 21 நாளும் நிறுத்த வேண்டும், 18-ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் திருப்பாமல் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். இதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். அதில் இல்லாதது எங்கள் கடற்கரைக் காற்று. முட்டை 18 நாளில் தன் எடையில் 12 சதவீதம் அளவுக்கு நீரை இழந்தால்தான் அகன்ற முனையில் காற்றறை சரியான அளவுக்கு வரும், குஞ்சு அதற்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சை இழுக்கும். உள்ளூர்க்காற்றே ஈரமாக இருக்கும்போது தாளில் போட்டபடி தண்ணீர்த் தட்டை நிரப்பி வைத்தால் முட்டை காயாது. என் முதல் ஈட்டில் அதுதான் நடந்தது: முழுதாக வளர்ந்த குஞ்சுகள், ஓட்டைக்கூடக் கொத்தாமல், உள்ளேயே ஈரத்தோடு செத்துக் கிடந்தன. உடைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் 18 நாள் வரை தட்டில் தண்ணீரே ஊற்றாமல், ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் டார்ச் அடித்துக் காற்றறையைப் பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் கொஞ்சம் ஊற்றினேன், நிலைமை நன்றாக மாறியது. உப்புக்காற்றில் காற்றாடியின் திருகும் ஒயர் முனையும் துருப்பிடிப்பது தனிக்கதை. மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் போனால் எழுந்து பெட்டிமேல் போர்வையைப் போட வேண்டும்.

அடைக்கோழிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. நெஞ்சு மயிரை உதிர்த்துவிட்டு வெறும் தோலை முட்டைமேல் வைத்துப் படுக்கிறது, ராத்திரியும் பகலும் அதுவே புரட்டுகிறது, ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுகிறது, தினமும் ஒருமுறை கால்மணி நேரம் இறங்கித் தின்றுவிட்டு வருகிறது. அந்தக் கால்மணி நேரத்தில் முட்டை ஆறுவது நல்லதுதான், பயந்துபோய்க் கோழியைப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது இடத்தைச் சரியாகக் கொடுப்பது. நான் பழைய கடகப்பெட்டியில் அடை வைக்கிறேன். கடல் மணலைப் போடாதீர்கள், உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; ஆற்று மணலோ கிணறு வெட்டிய மணலோ போட்டு, மேலே வைக்கோலும் காய்ந்த வேப்பிலையும். எங்கள் அப்பத்தா இடிக்கு முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத் துண்டு, கரித்துண்டு, இரண்டு மிளகாய் வற்றல் வைப்பார். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அவர் கையால் வைத்ததை எடுக்க மனசு வராது. அவர் சொன்ன இன்னொன்றை நூற்றுக்கு நூறு நம்புகிறேன். "அடைக்கோழி செத்தா பசியில சாகாதுப்பா, செல்லுலதான் சாகும்." செல் என்பது கோழி உடம்பில் ஒட்டும் பொடி உண்ணி. படுத்தே கிடக்கும் கோழியில் அது பெருகி ரத்தத்தை உறிஞ்சும்; தாங்காமல் கோழி முட்டையை விட்டு எழுந்து போய்விடும். அதனால் அடை வைக்கும் முன்பே இறக்கைக்கு அடியில் பாருங்கள், பக்கத்திலேயே சாம்பலும் மணலும் கலந்து புரள இடம் விடுங்கள்.

நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். உடம்புக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தால்கூட எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது புரட்டப்புரட்ட ஒவ்வொரு முட்டையாக வெளியே வந்து குளிரும், கடைசியில் பாதி கூமுட்டை. எல்லாம் ஏழு நாளுக்குள் இட்டதாக இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள் வைத்த முட்டையிலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும், அதனால் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன். எங்கள் பக்கம் தை, மாசிதான் அடை வைக்கத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் பொரித்தால் வாடைக்காற்றிலும் மழையிலும் நனைந்தே பாதி போய்விடும்.

இனி 21-ஆம் நாளுக்குப் பிறகு. வித்தியாசம் இங்கேதான். பெட்டிக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வரை குறைத்துக்கொண்டே பல்பு வெளிச்சத்தில் வளர்க்க வேண்டும். கரண்ட் போனபோது ஒருமுறை கரிச்சட்டி வைத்தேன், மூடிய அறையில் கரிப்புகை குஞ்சை மட்டுமல்ல, மனிதரையே கொன்றுவிடும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் வெளியே விட்டால் அதற்கு எதைப் பார்த்தும் பயமில்லை. கருவாடு காயப்போடும் இடம் பக்கத்தில் இருந்தால் செம்பருந்தும் காக்கையும் எப்போதும் தலைக்கு மேல் சுற்றும், சீமைக்கருவேலம் புதரிலிருந்து கீரி வரும். தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுத்தால் பத்துக் குஞ்சும் அதே நொடியில் இறக்கைக்குள். கறையானைக் கிளறிக் காட்டுவதும் அதுதான், மழை வரும்முன் திண்ணைக்கு ஓட்டி வருவதும் அதுதான். இதற்கு ஈடாக எந்தப் பெட்டியும் கிடையாது.

விலை என்னவென்றால் முட்டை. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, இரண்டு மாதம் போலக் குஞ்சோடு, ஆக மூன்று மாதம் அதனிடமிருந்து முட்டையே இல்லை. முட்டை விற்றுப் பிழைப்பவருக்கு இது நஷ்டம்தான். அவர்கள் அடை தெளிய வைத்து, பெட்டியில் பொரிக்க வைப்பது நியாயம். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு கோர்ப்பது எல்லாம் வேண்டாம், அது வதை. அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் விட்டால் தானாகத் தெளியும்.

இன்னொரு குறை தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விட வேண்டும். குப்பியோ 100 குஞ்சுக்கானது, கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அந்த நோய் ஒருமுறை வந்தால் தாயும் மிஞ்சாது. எங்கள் தெருவில் நாலைந்து வீடு பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். முதலில் உட்காரும் கோழிக்கு இரண்டு கூமுட்டையை வைத்து மற்றவை உட்காரும்வரை காக்க வைப்போம், பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே ராத்திரியில் நல்ல முட்டை. பொரித்ததும் ஒரே குப்பி, ஐம்பது அறுபது குஞ்சு.

ஒருநாள் குஞ்சு பற்றி அதிகம் சொல்ல இல்லை. வனராஜா, கிராமப்பிரியா என்ற கோழி வகைகள் இரண்டும் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடைக்காகவே உருவாக்கியவை, நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டை இடும். ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. அதனால் அடுத்த தலைமுறைக்கு மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வண்டியில் வரும் அலைச்சலிலும் சில குஞ்சு போகும்.

நான் இப்போது செய்வது இரண்டையும் கலந்தது. அடைக்கோழிக்கு முட்டை வைக்கும் அதே நாளில் பெட்டியிலும் வைக்கிறேன். கோழிக்கு அடியில் ஏழெட்டு பொரிந்ததும், பெட்டியில் பொரிந்து ஒருநாள்கூட ஆகாத குஞ்சுகளை, நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் நழுவ விடுகிறேன். 15 வரை தாங்கும். விடிந்ததும் அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன், சில கோழி நிறம் வேறாக இருக்கும் குஞ்சைக் கொத்தும், அதை உடனே எடுத்துவிட வேண்டும். எங்கள் கருப்பிக்கோழி இதுவரை ஒன்றையும் கொத்தியதில்லை. இன்று அதற்குப் பதினேழாம் நாள், நாளை ராத்திரியோடு பெட்டி முட்டைகளைத் திருப்புவதை நிறுத்த வேண்டும்.