ஸ்டோரிவீவர்: எழுத்துக்கூட்டும் குழந்தைக்குச் சரிப்படுமா?

பிரதம் புக்ஸ் என்னும் குழந்தைகள் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய இலவசக் கதைத் தளம் இது. கதைகளுக்கு நான்கு வாசிப்பு நிலைகள் உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்கு முதல் நிலை, 250 சொற்களுக்குள் கதை முடிந்துவிடும். நிலை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். மொழிபெயர்ப்புக் கதையென்றால் முதல் நிலையிலேயே ‘ஓடிக்கொண்டிருந்தது’ மாதிரி நீளச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அதில் வரும் ‘கொ’தான் பெரிய தடை: முன்னால் கொம்பு, பின்னால் கால். குழந்தை ‘கெ’ என்று வாசித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலைப் பார்த்து விழிக்கும். கொம்பு, ‘க’, கால் மூன்றையும் விரலால் மூடித் திறந்து, ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தக் கதையை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, எளிதான வேறொன்றைத் திறங்கள். செல்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. பிடிஎஃப் இறக்கி அச்சிட்டுக் கொடுப்பதே நல்லது.