கேன் யூ, குட் யூ, வுட் யூ மைண்ட்: செட்டிநாட்டு வீட்டு வாசலில் எது பொருந்தும்?

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடு ஒன்றில், வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அத்தனை பேரும் தமிழில் தன்மையாகப் பேசுகிறவர்கள். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் அதை ஆயுசுக்கும் மறக்காத ஊர் இது. ஆனால் அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் அதட்டுவது போல இருக்கிறது.

முகப்பில் நடப்பதையே பாருங்கள். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும், அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். பையன் ‘கிவ் மீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்’ என்கிறான். ‘குடுங்க’ என்று மரியாதையாகத்தான் நினைத்துச் சொல்கிறான். தமிழில் அந்த ‘ங்க’ மரியாதை முழுவதையும் சுமந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’தான். அதனால் மரியாதையை வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டியிருக்கிறது. கட்டளையின் கடைசியில் ‘ப்ளீஸ்’ ஒட்டினாலும் அது கட்டளைதான்.

அப்படியானால் தலையில் எதை வைப்பது?

‘கேன் யூ’ தவறில்லை. கூட வேலை பார்ப்பவரிடம், ஆட்டோக்காரரிடம், பழகியவரிடம் தாராளமாகச் சொல்லலாம். ‘குட் யூ’ அதைவிட ஒரு படி இதம். இந்தக் ‘குட்’ (could) ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம், ஆனால் இங்கே காலத்தைக் குறிக்கவில்லை, கேட்பவரைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைக்கிறது. நமக்கு இது புதிதில்லை. பெரியவர் முன்னால் போய் நின்று ‘ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்’ என்கிறோமே, இன்னும் கேட்கவே இல்லை, ஆனாலும் ‘வந்தேன்’ என்று முடித்துவிடுகிறோம். அதே தயக்கம், அதே மரியாதை. ‘குட் ஐ சீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?’ என்று கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகம் மாறுவது தெரியும். ‘மே ஐ’ இன்னும் சம்பிரதாயமானது, முகப்பு மேசைக்குப் பொருந்தும்.

‘வுட் யூ மைண்ட்’ இவற்றில் மிகவும் பணிவானது, அதோடு அதிகம் வழுக்குவதும் அதுதான். ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்பது அதன் உள்பொருள். ஆகவே ‘நோ’, ‘நாட் அட் ஆல்’ என்று பதில் வந்தால் சம்மதம் என்று அர்த்தம். ஒரு பெண்மணியிடம் ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஹியர்?’ என்று சரியாகவே கேட்ட பையன், அவர் ‘நாட் அட் ஆல்’ என்றதும் மறுத்துவிட்டார் என்று நினைத்து முகம் வாடி உள்ளே போய்விட்டான். விருந்தாளியே ‘வுட் யூ மைண்ட் டர்னிங் ஆஃப் தி ஃபேன்?’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் ‘யெஸ், யெஸ்’ என்கிறார்கள். ‘ஆமாம், எனக்கு ஆட்சேபணைதான்’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘ஷ்யூர்’ என்று சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினால் போதும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலில் ‘குட் யூ’, ‘குட் ஐ’ மட்டும் போதும் என்பதே என் முடிவு. ‘மைண்ட்’ ஆறு மாதம் கழித்து வரட்டும்.

‘கைண்ட்லி’ மனுவோடு நிற்கட்டும். பேச்சில் அது அறிவிப்புப் பலகை வாசிப்பது போல ஒலிக்கும்.

உபசரிக்கும்போது கணக்கே மாறுகிறது. பொருளைக் கொடுக்க ‘வுட் யூ லைக் சம் காஃபி?’ என்றால் அழகு. ‘டூ யூ வான்ட்’ நண்பர்களுக்குள் சரி, வந்தவரிடம் கொஞ்சம் மொட்டையாகப் படும். நாம் ஒரு வேலை செய்து தருவதாகச் சொல்ல ‘ஷல் ஐ கேரி யுவர் பேக்?’ என்பது பிரிட்டிஷ்காரர்களுக்குப் பழக்கம், அமெரிக்கர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ‘வுட் யூ லைக் மீ டு கேரி யுவர் பேக்?’ இருவரிடமும் செல்லும். அதனால் நான் அதையே முதலில் பழக்குகிறேன்.

கேட்கும்போது முரட்டுத்தனமாகத் தெரிந்த கட்டளை, கொடுக்கும்போது பாசமாகிவிடுகிறது. ‘ஹேவ் அனதர் ஒன்’, ‘ஹேவ் எ சீட்’ எல்லாம் கட்டளை வடிவம்தான், ஆனால் பலன் எதிரே இருப்பவருக்கு என்பதால் உறுத்தாது. நம் ‘சாப்பிடுங்க, இன்னொண்ணு வச்சுக்கங்க’ போலவே. ‘ஈட், ஈட்’ மட்டும் வேண்டாம், அது குழந்தையை மிரட்டுவது போலிருக்கும்.

சமையல்கட்டு ஆச்சிக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. நம் வீட்டில் ‘போதும்’ என்று விருந்தாளி சொன்னாலும் மூன்று தரம் கேட்பதுதான் முறை. ஆங்கிலம் பேசுகிறவர் ‘நோ, தேங்க் யூ’ என்றாலோ ‘ஐ ஆம் ஃபைன்’ என்றாலோ பெரும்பாலும் உண்மையாகவே வேண்டாம் என்றுதான் பொருள். ‘அதெப்படித்தா, கந்தரப்பத்த ஒண்ணோட நிறுத்துறது?’ என்று ஆச்சி கேட்கிறார். இப்போது தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு ‘ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நேற்று ஆச்சி அதைச் சொல்லிவிட்டு வந்தார், பத்து நிமிடம் கழித்துத் தட்டு காலியாகி இருந்தது.