ஏரியில் அள்ளுவது வண்டலா, களியா? மூன்று மண்ணும் ஓர் ஒப்பீடு

ஏரி, குளத்திலிருந்து வயலுக்கு அடிக்கும் மண்ணையெல்லாம் வண்டல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மண்ணியலில் வண்டல் என்பது ஒரு துகள் அளவின் பெயர். ஏரியில் படிந்து கிடப்பதோ மணலும் வண்டலும் களியும் கலந்த படிவு. பல ஏரிகளில் அதில் களிதான் மிகுதி. பெயரை நம்பி மண்ணைப் பார்க்காமல் அடித்தால், ஏற்கெனவே களியாக உள்ள வயல் இன்னும் இறுகிப்போகும். மணல் வயலில் அடித்தது மணலாகவே இருந்துவிட்டால், வண்டி வாடகை மட்டும்தான் மிச்சம்.

முதலில் அளவு. வேளாண்மையில் பரவலாகப் பயன்படும் அமெரிக்க வேளாண் துறை வகைப்பாட்டின்படி 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், அதிலிருந்து 0.002 மி.மீ. வரை வண்டல், அதற்கும் கீழே களி. கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மணலுக்கும் வண்டலுக்கும் இடைப்பட்ட எல்லை 0.075 மி.மீ. அதனால் வேளாண் ஆய்வக அறிக்கையில் உள்ள வண்டல் விழுக்காட்டையும் கட்டடப் பொறியாளர் தரும் விழுக்காட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது.

அளவில் நடுவில் இருப்பதால் வண்டலைப் பாதி மணல், பாதி களி என்று நினைத்துவிட வேண்டாம். பிறப்பால் அது மணலின் இனம்: குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகியவற்றின் பொடி. களி அப்படியல்ல. பாறைக் கனிமங்கள் வேதிமாற்றம் அடைந்து உருவான மெல்லிய தகடுகள் அவை. மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. அமோனியம், பொட்டாஷ், கால்சியம் ஆகியவற்றைப் பிடித்து வைப்பது அந்த மின்னூட்டம்தான். வண்டலுக்கு அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. ஆற்றுப் படுகை நிலங்களின் செழிப்புக்கு, வண்டலோடு வந்து சேர்ந்த களிக்கும் மட்கிய பொருளுக்கும் பெரும் பங்கு உண்டு.

வண்டலின் தனிச் சிறப்பு தண்ணீரில்தான். மணலில் நீர் நிற்காது. மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். களி மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சும். மொத்தமாக நிறைய நீரைப் பிடித்தாலும், அதில் பெரும்பங்கை வேரால் இழுக்க முடியாது. களிமண் ஈரமாகத் தெரியும்போதே பயிர் வாடுவது இதனால்தான். வண்டல் மிகுந்த மண்ணின் துளைகள் நீரை நிறுத்தும், கேட்டால் வேருக்குக் கொடுக்கவும் செய்யும். பயிருக்குக் கிடைக்கும் நீரளவில் வண்டல் பாங்கான இருமண்ணே (மணல், வண்டல், களி மூன்றும் கலந்து, வண்டல் மிகுந்த மண்) முன்னால் நிற்கிறது.

அதன் பலவீனமும் பெரியது. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதவை. ஆனால் ஓடும் மழைநீர் தூக்கிச் செல்லும் அளவுக்கு இலேசானவை. சரிவு நிலத்தில் முதலில் கரைந்து போவது வண்டல் பாங்கான மண்தான். சீனாவின் மஞ்சள் ஆற்றுக்கு அந்த நிறம் வந்தது, காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மேட்டை மழை அரித்ததால். சமநிலத்தில் வேறு தொல்லை: விதைத்தவுடன் பலத்த மழை பெய்து வெயில் அடித்தால் மேலே பொருக்கு கட்டும், எள், கீரை, சிறுவிதைக் காய்கறி முளைகள் அதைப் பிளந்து வர முடியாமல் மடியும். மூடாக்கும் தொழுவுரமும் இல்லாமல் வண்டல் நிலத்தில் சிறுவிதை போடாதீர்கள்.

கையில் கண்டுபிடிக்க மூன்று வழிகள் போதும். ஈரமண்ணை விரலிடையே தேய்த்தால் மணல் நறநறக்கும், வண்டல் மாவுபோல் வழுக்கும், களி ஒட்டிக்கொள்ளும். காயவிட்டுத் தட்டினால் வண்டல் தூசியாக உதிரும். களியைக் கழுவித்தான் ஆக வேண்டும். மூன்றாவதை நான் அதிகம் நம்புகிறேன்: குழைத்த மண்ணை உள்ளங்கையில் அடைபோல் வைத்து, அந்தக் கையை மற்றொரு கையில் தட்டுங்கள். மேலே நீர் பளபளவென்று எழுந்து, அழுத்தியதும் மங்கினால் வண்டல். களியில் இந்த மாற்றம் தெரியாது.

விழுக்காடு வேண்டுமானால் பாட்டில் சோதனை. நேர்ப்பக்கமுள்ள 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் கல், வேர் நீக்கிப் பொடித்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேர்த்து இரவு ஊறவிடுங்கள். மறுநாள் 5 நிமிடம் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், 2 மணி நேரத்தில் படிவது பெரும்பாலும் வண்டல், ஓரிரு நாளில் படிவது களி. களி அடுக்கு நீரில் உப்பி நிற்பதால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கொஞ்சம் குறைத்தே கணக்கிடுங்கள்.

இதில் உப்புப் போடுவது பெரும் தவறு. கட்டட மணலில் தூசி பார்க்கும் சோதனையில்தான் உப்பு சேர்ப்பார்கள். அது களியைத் திரட்டி விரைவாகப் படியவைக்கும். அங்கே மணலுக்கு மேல் படிந்த அடுக்கு மணலின் கனஅளவில் 8 விழுக்காட்டைத் தாண்டினால் கழுவாமல் கலவைக்கு எடுக்கக் கூடாது. வயல் மண்ணுக்கோ துகள்கள் பிரிந்து நிற்க வேண்டும். உப்பு போட்டால் களி வண்டலாகத் தெரியும்.

எவ்வளவு அடிப்பது? தமிழ்நாட்டில் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் வரை எடுக்க அனுமதி உண்டு. 90 கனமீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் 2 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான கனம்தான். மேல் 15 செ.மீ. மண்ணில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மணல் நிலத்தில் களி கலந்த படிவு என்றால் இது மாற்றத்தைக் காட்டும். கட்டிகளைக் காயவிட்டு, முதல் மழையில் உடைந்தபின் உழுங்கள். பச்சையாக உழுதால் களி உருண்டைகளாகவே மண்ணில் கிடக்கும். களி நிலத்துக்கு அதே மண்ணை அடிப்பதை விடத் தொழுவுரமும் பசுந்தாளும் மேல். களியில் கொஞ்சம் மணல் கொட்டுவதும் பயன் தராது. இயல்பு மாற மணல் பாதிக்கு மேல் போக வேண்டும்.

கடைசியாக, ஏரியில் எங்கே அள்ளுவது. வெள்ளம் உள்ளே நுழைந்ததும் வேகம் குறைகிறது: கனமான மணல் வரத்து வாய்க்கால் முகத்திலேயே விழுகிறது, வண்டல் நடுவில், களி கரையும் மடையும் உள்ள ஆழத்தில். மணல் நிலத்துக்காரர் ஆழப்பக்கம் அள்ள வேண்டும், ஆனால் கரையின் அடிவாரத்தைத் தொடாமல். வண்டி பேசும் முன் மூன்று இடத்தில் ஒரு முழம் தோண்டி மண் எடுத்து, மூன்று பாட்டிலில் குலுக்கிப் பாருங்கள்.